கிளாலியால் போகிற நரம்பு

என் அன்பு அண்ணை,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் பனையால் விழுந்தேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். விழுந்தது முருங்கையால். அதுவும் கூரைக்கு எட்டாத முருங்கை. நீங்கள் அங்கே ஒருவரிடமும் கதைத்துவிடாதீர்கள்.

நீங்கள் போன பிறகு நடந்த சங்கதி இது. இடுப்புக்குப் பின்னால் நாரி முள் நொறுங்கி, உள்ளே ஓடுகிற நரம்பு நசிந்துபோனது. இரண்டு காலும் யாரோ ஊரார் கால் மாதிரிக் கிடந்தன. எறும்பு கடித்தாலும் தெரியாது. கட்டிலில் இருந்து கதிரைக்கு என் மனுசி புஸ்பம்தான் தூக்கி மாற்றுகிறாள். அவளுக்கும் நாரிப்பிடிப்பு.

"நானும் விழுந்தா உங்களை ஆர் தூக்கிறது?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேரும் நிலத்திலை கிடந்து கதைப்பம்" என்றேன். சிரித்தாள். ஆனாலும் அவள் கேட்டது சரிதானே? நான் எழும்பி நின்றாக வேண்டும்.

பயிற்சி தருகிற பிள்ளை தினமும் என் கால்களை மடக்கி நீட்டி, பிறகு இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நிறுத்தப் பார்க்கிறது.

"நரம்பு பழையபடி ஒட்டுமோ பிள்ளை?"

"நசிஞ்சது நசிஞ்சதுதான் ஐயா. மிச்ச நரம்புக்கு வேறை வழி பழக்கிறம்."

"சண்டைக்குள்ளை கண்டி ரோட்டைப் பூட்ட, நாங்கள் கிளாலிக் கடலாலை வள்ளத்திலை போன மாதிரியோ?"

"அப்ப நான் பிறக்கவேயில்லை ஐயா. ஆனா ஓம். ஒருக்காப் போனாப் பாதை வராது. திரும்பத் திரும்பப் போகோணும்."

அன்றிலிருந்து எனக்கு இதே யோசனை. வள்ளத்தின் முன்னுக்கு இருந்து நீங்கள் வழி சொன்னீர்கள். இந்த நரம்புக்கு யார் அண்ணை? பெருவிரலுக்கு 'அசை' என்று நான் அனுப்புகிற சொல் இப்போது எந்தச் சேற்றில் நிற்கிறது? சில நாள் தொடை தானாகத் துடிக்கிறது. செய்தி வந்து சேர்ந்ததா, வழி தவறிப் போனதா? பிள்ளையைக் கேட்டால், "ரெண்டும் இருக்கலாம்" என்கிறது.

உங்கள் திவசத்துக்கு, புஸ்பம் தூக்காமல் நானே எழும்பி நின்று உங்கள் படத்துக்கு மாலை போடுவேன். இது சத்தியம்.

இன்று கம்பிகளைப் பிடித்து நின்றேன். களிசான் போடச் சொன்னார்கள், நான் இடுப்பில் சுற்றிய சாரத்தோடு போனேன். நின்றதும் சாரம் அவிழ்ந்தது. அதைப் பிடிப்பதென்றால் கம்பியை விட வேண்டும். விடவில்லை.

பிள்ளை கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டது: "சாரம் காலிலை விழுந்தது தெரிஞ்சதோ ஐயா?"

"தெரிஞ்சது பிள்ளை. இடதுகாலிலை."

பிறகு புஸ்பம் வந்து கட்டிவிட்டாள்.

உங்கடை கடைக்குட்டித் தம்பி