அம்பத்தூரில் நிற்காத வண்டி

அம்பத்தூர்,
6 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மூவரும் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் அம்மாதான் பதில் சொல்கிறாள். என்ஜினில் ஏறினால் போனை அணைக்க வேண்டும் என்கிறீர்களாம். நாள் முழுதுமா என்ஜினில் இருக்கிறீர்கள்? அதனால்தான் காகிதம்.

வாரம் இரண்டு முறை ஈரோட்டிலிருந்து எக்ஸ்பிரஸை ஓட்டிக்கொண்டு எங்கள் பால்கனியைத் தாண்டிப் போகிறீர்கள். ஸ்வாதிக்கு எட்டு மாதம். இன்னும் அவளைப் பார்க்கவில்லை. சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் அரை மணி நேரம்தானே அப்பா? உங்கள் மாப்பிள்ளை இருதயராஜும் உங்களை எதிர்பார்க்கிறார்.

உங்கள் மகள்,
பிரியா

ஈரோடு,
14 ஜூன் 2025

கண்ணு பிரியா,

கடிதம் கிடைத்தது. வண்டி தினமும் தாமதம். சென்ட்ரல் ஓய்வறையில் கண்ணயர்வதற்குள் திரும்பும் வண்டிக்குக் கூப்பிட்டுவிடுகிறார்கள். தூங்காமல் ஓட்ட முடியுமா? பின்னால் ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

போன வியாழன் சிக்னல் கிடைக்காமல் உன் வீட்டுக்கு எதிரிலேயே இருபத்திரண்டு நிமிடம் நின்றேன். கொடியில் சின்னச் சின்னத் துணிகள் தெரிந்தன. என்ஜினை விட்டு இறங்க வழியில்லை. எரிச்சலாக வந்தது. குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயா?

அப்பா,
உலகநாதன்

அம்பத்தூர்,
27 ஜூன் 2025

அப்பா,

கடிதத்தில் இருதயராஜ் பெயரே இல்லை. கவனித்தேன்.

செவ்வாய்க்கிழமை எங்கள் வாட்ச்மேன் லட்சுமணன் சொன்னார்: “யாரோ பெரியவர் வந்தாரும்மா. மூக்கு அப்படியே உன்னுது மாதிரி கீது. அரை மணி நேரம் கேட்டாண்டயே நின்னுகினு இருந்தாரு. ‘இன்னா சார், மேல ஊட்ல ஆளு கீறாங்க, போங்க’ன்னேன். அப்டியே திரும்பிப் பூட்டாரு.”

அது நீங்கள்தானே? அப்படியென்றால் வண்டி, ஓய்வு, சிக்னல் எல்லாம் யாரை ஏமாற்ற?

பிரியா

ஈரோடு,
5 ஜூலை 2025

கண்ணு,

நான்தான்.

சர்ச்சில் நடக்கும் கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று சொன்னவன் நான். மாப்பிள்ளை நம் வீட்டு வாசலில் நின்று, “ஒரு தடவை வந்துட்டுப் போங்க மாமா” என்று கெஞ்சினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவைச் சாத்தினேன். இப்போது அவரே வந்து கதவைத் திறந்தால் என்ன பேசுவேன்? முப்பத்தொரு வருடம் வண்டி ஓட்டியவனுக்கு உன் வீட்டு மாடி ஏறக் கால் வரவில்லை.

பதினைந்தாம் தேதி சென்ட்ரலிலிருந்து காலை வண்டி எனக்கு. அதுவரை லீவு இல்லை. கொஞ்ச நாள் விடு, கண்ணு.

அப்பா

அம்பத்தூர்,
9 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கொஞ்ச நாள், கொஞ்ச நாள் என்று கல்யாணமாகி மூன்று வருடம் போய்விட்டது. இனி என்னால் பொறுக்க முடியாது.

பதினைந்தாம் தேதி உங்கள் வண்டியில் இருதயராஜ் டிக்கெட் போட்டிருக்கிறார். நான் சொல்லவில்லை, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அவராகவே போட்டார். வண்டி இங்கே நிற்காததால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரல் வரை போய் ஏறி, எங்கள் வீட்டையே தாண்டி வர வேண்டும். அதற்கும் எனக்கு உங்கள் மேல்தான் கோபம்.

சென்ட்ரலில் என்ஜின் பக்கம் வந்து தொந்தரவு செய்ய மாட்டோம். நீங்கள் சிக்னலைப் பார்த்து ஓட்டுங்கள். ஐந்தாவது பெட்டியில் இருப்போம். ஈரோட்டில் உங்கள் டூட்டி முடிகிறது. இறங்கித்தான் ஆக வேண்டும். அம்மாவையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றும் பேச வேண்டாம். குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். புது முகம் என்றால் அழுவாள். அதற்காக உடனே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
பிரியா