தாண்டிப்போன நாற்பத்தொரு வாக்கியங்கள்

நவம்பர் 18, செவ்வாய்

இன்று 'டேக்' என்ற ஆங்கிலச் சொல் வந்திருக்கிறது. போன மாதம் 'ரன்' முடிந்தது. ஆயிரத்து இருநூறு ஆங்கில வாக்கியம், எல்லாவற்றிலும் இந்த ஒரே சொல். அந்த இடத்தில் அதற்கு என்ன பொருள் என்று பார்த்து, போன் திரையில் கீழே இருக்கும் தமிழ்ச் சொற்களில் ஒன்றைத் தொட வேண்டும். பிடிபடாவிட்டால் 'ஸ்கிப்'. மருந்து என்றால் சாப்பிடு. போட்டோ என்றால் எடு. நேரம் என்றால் பிடி. மனசைக் கேட்காத வேலை, அதனால்தான் பிடித்திருக்கிறது. வீட்டில் சிக்னல் இல்லை. ஊருக்கு மேலே இருக்கும் பாறைக்குப் போனால் மதியம் வரை கிடைக்கும். கீழே அப்பா சாமை அறுத்துக்கொண்டிருந்தார். இருநூற்றுப் பத்து முடித்தேன்.

நவம்பர் 20

முந்நூற்று நாற்பது. மழை. செருப்பு அறுந்துவிட்டது.

நவம்பர் 23, ஞாயிறு

'அவள் பேசாமல் இருந்ததை அவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.' இதற்கும் டேக்தான். 'எடுத்துக்கொள்' என்பதைத் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆடி மாத ஊர்க்கூட்டம் நினைவுக்கு வந்தது.

என் புருஷன் வெற்றிவேலும் நானும் இரண்டு வருடம் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தோம். அடி இல்லை, சண்டைகூட இல்லை. நானாகத்தான் அப்பா வீட்டுக்குக் கிளம்பி வந்தேன். பெண் தானாக வந்துவிட்டால் பிள்ளை தகப்பன் வீட்டுக்கு என்பது எங்கள் ஊர் வழக்கம். ஆனாலும் கூட்டத்தில் ஊர்ப் பெரியவர் கேட்டார், “உனுக்கு இன்னா வேணும், சொல்லு புள்ள.” நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் நதியா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்றரை வயது. மாமியார் செல்லியம்மாள் வந்து தூக்கிக்கொண்டு போனார். தூக்கம் கலையாமல்தான் தூக்கினார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஏன் வாயைத் திறக்கவில்லை? தெரியவில்லை. இப்போதும் அழுகை வரவில்லை.

நவம்பர் 26

அறுநூறு. சாப்பிட்டேனா என்று நினைவில்லை. தட்டு காலியாக இருந்தது, சாப்பிட்டிருப்பேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

இங்கிலீஷ்காரனுக்கு வேலை மிச்சம். குடைக்கும் டேக், மாட்டுக்கும் டேக், விருந்தாளிக்கும் டேக். நமக்குக் குடையை எடுத்துக்கொண்டு போக வேண்டும், மாட்டை ஓட்டிக்கொண்டு போக வேண்டும், விருந்தாளியை அழைத்துக்கொண்டு போக வேண்டும். மாற்றிச் சொன்னால் ஊரே சிரிக்கும். அப்பாவிடம் சொன்னேன்.

“அப்போ பொணத்தையும் அதே சொல்லுலதான் தூக்குவானா?” என்றார்.

நான் சிரித்திருக்க வேண்டும், சிரிப்பு வரவில்லை. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

டிசம்பர் 9, செவ்வாய்

திருவண்ணாமலையிலிருந்து ரேணுகாதேவி மேடம் போன் செய்தார். நான் முடித்து அனுப்புவதைச் சரிபார்ப்பவர். நேரில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

“திரௌபதி, நாப்பத்தோரு வாக்கியம் ஸ்கிப் பண்ணிக்கீறீங்க.”

“கஷ்டமா இருந்திருக்கும் மேடம்.”

“கஷ்டமே இல்லீங்க. எல்லாம் நாலாங்கிளாஸ் இங்கிலீஷ். நான் ஒக்காந்து ஒண்ணொண்ணா பாத்தேன். நாப்பத்தொண்ணுலயும் ஒரு கொழந்தை வருது.”

பிறகு, “வூட்ல எல்லாரும் நல்லாக்கீறாங்களா?” என்றார். சிக்னல் போகிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பட்டியலைத் திறந்து பார்த்தேன். அவள் குழந்தையைப் பள்ளிக்கு. அவர்கள் குழந்தையைக் கடற்கரைக்கு. யாரோ குழந்தையை டாக்டரிடம். தாண்டிப் போனது எனக்கே தெரியாது, என் விரலுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னா பண்ணி வெச்சிக்கீறேன் நானு? எம் புள்ளைய வாயத் தொறக்காம குடுத்துட்டு, பாறை மேல ஒக்காந்து பொத்தான அமுக்கினு இருக்கேன் —

டிசம்பர் 10

வேலை செய்யவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

அப்பா கலசப்பாக்கம் சந்தையில் கேள்விப்பட்டு வந்தார். வெற்றிவேல் இருபதாம் தேதி கேரளா பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறானாம். செல்லியம்மாளும் போகிறார். நதியாவும். திரும்பி வரச் சித்திரை ஆகும்.

“பெரியவங்க காப்பி பறிக்கப் போய்ட்டா, புள்ளைய ரூம்புல வுட்டுக் கதவ சாத்திடுவாங்க. அங்க நானே பாத்துக்கீறேன்,” என்றார் அப்பா. சாமையைப் புடைத்து முடித்துவிட்டு மறுபடியும் வந்தார். “நான் போய் கேட்டா செல்லாதும்மா. பெத்தவ வாயால கேக்கணும். நீ கேக்குறன்னு சொல்லு, நான் கூட வர்றேன்.”

டிசம்பர் 17, புதன்

போனோம். வாசலில் நின்று சொன்னேன். “தோட்டத்துக்குப் புள்ள வர வேணாம். நீங்க திரும்புற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். எனக்கு எம் புள்ள வேணும்.” சத்தம் கூடிவிட்டது போல, கோழிகள் ஓடின.

வெற்றிவேல், “இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல,” என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

“அன்னிக்கு வாய் வர்ல.”

செல்லியம்மாள் உள்ளே போய்த் துணிப்பையோடு வந்தார். “சித்திரைல ஊரக் கூட்டி மறுக்கா பேசிக்கலாம். வெந்நில குளிப்பாட்டு, சளி புடிக்கும்,” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நதியா வளர்ந்திருக்கிறாள். தூக்கக் குனிந்தேன். “நான் நடப்பேன்,” என்றாள். பஸ் நிற்கும் இடம் வரை நடந்தாள். பிடித்திருந்தது அப்பாவின் விரலை, என்னுடையதை அல்ல. ஐந்து மாதம். எனக்கு அது வேண்டியதுதான்.

டிசம்பர் 22, திங்கள்

மேடம் அந்த நாற்பத்தொன்றையும் திருப்பி அனுப்பியிருந்தார். நதியாவைப் பாறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்து கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு என்ன வயது என்று ஆங்கிலம் சொல்வதில்லை. எல்லாம் நடக்கிற பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டு, நாற்பத்தொன்றுக்கும் 'கூட்டிக்கொண்டு போ' என்பதையே தொட்டு அனுப்பிவிட்டேன்.

இறங்கும்போது பாறை ஈரம், கால் வழுக்கியது. நதியா நின்றுவிட்டாள். தாத்தாவைத் தேடினாள். அவர் கீழே களத்தில் இருந்தார். பிறகு என்னைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினாள்.

கனக்கிறாள். ஊர் வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். அவள் என் காதைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

காலையில் மேடத்துக்குப் போன் செய்ய வேண்டும். அனுப்பியதில் ஒன்றை மட்டும் 'தூக்கிக்கொண்டு போ' என்று மாற்றச் சொல்ல வேண்டும்.