மூன்றைப் போட்டுப் பார்த்தேன்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று காரணிப்படுத்துதல் ஆரம்பம். x² + 5x + 6. பெருக்கினால் ஆறு, கூட்டினால் ஐந்து வரும் இரண்டு எண்களைச் சொல்லுங்கள் என்றார் கணக்கு டீச்சர். பேசும்போதெல்லாம் மேசையில் ஸ்கேலால் தட்டுவார், அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரே ஸ்கேல்தான். இரண்டு, மூன்று என்று நான் மனசுக்குள் சொல்லி முடிப்பதற்குள் முன் வரிசை கத்திவிட்டது. அவர்களுக்கு வாய் வேகம், அவ்வளவுதான்.

(x + 2)(x + 3). கட்டி வைத்த மூட்டையைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது போல இருக்கிறது. எனக்குப் பிடித்துவிட்டது. அண்ணனிடம் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பான்.

பிப்ரவரி 5, வியாழன்

மாதக் கடைசியில் தேர்வு. அறுபது எடுத்தால்தான் அடுத்த வருடம் கணக்குப் பிரிவு. அது கிடைக்காவிட்டால் விமானம் பழுதுபார்க்கும் படிப்பை மறந்துவிட வேண்டியதுதான். போன தடவை நான் எடுத்தது நாற்பத்தொன்று.

அண்ணன் அந்தப் பிரிவில்தான் படிக்கிறான், வகுப்பில் முதல். "உனக்கு அது ஒத்துவராது, விட்டுடு" என்றான். ரொம்பத்தான் அக்கறை! விடுகிறேனா பார்.

பிப்ரவரி 11, புதன்

மூக்கு உடைந்தது. x(x + 3)-ஐ விரித்து எழுதச் சொன்னார். நான் 2x + 3x என்று எழுதினேன். ஏனோதானோ என்று எழுதவில்லை, சரிபார்த்தேன். x-க்கு 2 போட்டால் அந்தப் பக்கமும் 10, இந்தப் பக்கமும் 10. பெரிதாக ஒரு டிக் வேறு போட்டுக்கொண்டேன். ஸ்கேல் என் நோட்டைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். "ஏம்மா, x-ஐ x-ஆல பெருக்கினா ரெண்டு x-ஆ?" எல்லாரும் சிரித்தார்கள். காது சூடாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். தப்பு என்னுடையதுதான், ஆனால் அந்த 2 என்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறது. இரண்டையும் இரண்டையும் கூட்டினாலும் நான்கு, பெருக்கினாலும் நான்கு. 1 அதைவிட மோசம், எத்தனை தடவை பெருக்கினாலும் ஒன்றாகவே உட்கார்ந்திருக்கும். இனிமேல் 3 போட்டுத்தான் பார்ப்பேன். 3 போட்டிருந்தால் 18, 15 என்று அப்போதே மாட்டியிருப்பேன்.

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தது.

பிப்ரவரி 18, புதன்

பள்ளி விட்டதும் நேராக அம்மாவின் ஜெராக்ஸ் கடை. வீணாய்ப் போன தாள்களின் பின்பக்கமெல்லாம் என் கணக்கு. மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவேன். கூட்டம் இருந்தாலும் அம்மா என்னைக் கூப்பிடுவதில்லை. "நீ எந்திரிக்காத, போடு போடு" என்கிறாள். இன்று எல்லாமே சரி. ஒவ்வொன்றிலும் 3 போட்டுப் பார்த்தேன்.

பிப்ரவரி 23, திங்கள்

தேர்வு முடிந்தது.

கடைசிக் கணக்கு. மேலே x² − x − 6, கீழே x − 3. சுருக்குக, ஐந்து மார்க். மேலே இருப்பதைப் பிரித்தேன்: (x − 3)(x + 2). மேலும் கீழும் x − 3, அடித்தேன். விடை x + 2. சுலபம். வழக்கம்போல 3 போட்டேன். விடையில் 5 வருகிறது. கேள்வியில் போட்டால் மேலே 9 − 3 − 6, பூஜ்யம். கீழேயும் பூஜ்யம். எப்படி? திரும்பப் போட்டேன். அதே பூஜ்யம். ஐயோ எங்கயோ தப்பு பண்ணிட்டேன், எங்கன்னு தெரியலயே— மணி அடித்துவிட்டது. குறுக்கே பெரிய கோடு கிழித்து விடையை வெட்டிவிட்டுக் கொடுத்தேன்.

ராத்திரி அண்ணனிடம் கேட்டேன். "x + 2தான், இதுல என்ன சந்தேகம்?" என்றான். வெட்டிவிட்டேன் என்றேன். "அடிப்பாவி! சரியான விடைய எவளாவது வெட்டுவாளா?"

அழுதேன். வேறென்ன செய்ய?

பிப்ரவரி 24, செவ்வாய்

4 போட்டேன். இங்கே 6, அங்கே 6. 5 போட்டேன். 7, 7. 10 போட்டால் 12, 12. மூன்றுக்கு மட்டும் என்ன கேடு?

மத்தியானம் சாப்பிடும்போது புரிந்தது. நான் அடித்தது x − 3. அடிப்பது என்றால் மேலேயும் கீழேயும் அதால் வகுப்பது. x மூன்றாக இருந்தால் x − 3 பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்கக் கூடாதே! அப்போ விடையும் சரி, என் சந்தேகமும் சரி. அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் அந்த விடை செல்லாது.

புத்தகத்தைப் புரட்டினேன். இந்தப் பாடத்தில் எங்கேயும் இதைப் போடவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

ஐம்பத்தேழு. அந்த ஐந்து இருந்தால் அறுபத்திரண்டு. கைக்கு வந்ததைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

டீச்சர் அறைக்குப் போனேன். "வெட்டினதுக்கு மார்க் கிடையாது" என்றார் நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "மார்க்குக்கு வரல டீச்சர்" என்றேன். பாதிப் பொய். ஏன் வெட்டினேன் என்று எழுதிக் காட்டினேன். ஸ்கேல் தட்டுவது நின்றது.

"இத யாரு சொன்னா? உங்க அண்ணனா?"

"அவனுக்கு நான்தான் டீச்சர் சொல்லணும்."

சிவப்புப் பேனாவை எடுத்தார். "உனக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. அஞ்சு மார்க் போட்டுடறேன்."

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. "வேணாம் டீச்சர். வெட்டினது நான்தானே. வேற பரீட்சை வைங்க, எழுதறேன்."

"அது இதவிடக் கஷ்டமா இருக்கும். அதுல வர்றதுதான் மார்க், இந்த அம்பத்தேழு கணக்குல வராது. சம்மதமா?"

சம்மதம் என்றேன்.

வீட்டில் ரகளை. "குடுக்கற மார்க்க வேணாம்னு சொல்ற அளவுக்கு உனக்குக் கொழுப்பா?" என்று அம்மா கரண்டியோடு வந்தாள். அண்ணன் லூசு என்றான். "வாங்கியிருந்தா நாளைக்கு இவனே இனாம் மார்க்குன்னு சொல்லிக் காட்டுவான்" என்றேன். அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

மார்ச் 2, திங்கள்

நாளைக்குத் தேர்வு. வாங்கித் தொலைச்சிருக்கலாமோ?

மார்ச் 3, செவ்வாய்

டீச்சர் அறையில் தனியாக உட்கார்ந்து எழுதினேன். கஷ்டமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை அவர்.

கடைசிக் கணக்கில் மேலே x² + x − 20, கீழே x − 4. மேலே (x + 5)(x − 4). விடை x + 5. 3 போட்டேன், இரண்டு பக்கமும் 8. அதோடு விடவில்லை. ஓரத்தில் எழுதினேன்: x நான்காக மட்டும் இருக்கக் கூடாது, அப்போது கீழே பூஜ்யம் வரும்.

மார்ச் 9, திங்கள்

எழுபத்தெட்டு! கணக்குப் பிரிவுப் பட்டியலில் என் பெயர்!

டீச்சர் அந்த ஓர வரியை வகுப்பில் படித்தார். இனி எல்லாரும் இப்படி எழுத வேண்டும் என்றார். முன் வரிசை திரும்பிப் பார்த்தது. நன்றாகப் பார்க்கட்டும். நான் தலையைக் குனியவில்லை. ஏன் குனிய வேண்டும்?

விடைத்தாளை அம்மாவிடம் நீட்டினேன். வாங்கிக் கடைக்குக் கொண்டுபோகும் பையில் வைத்துக்கொண்டாள்.

மார்ச் 11, புதன்

சாயங்காலம் கடைக்குப் போனால், கண்ணாடியில் என் விடைத்தாளின் காப்பி. பெரிதாக்கி ஒட்டியிருக்கிறாள். ஒருவர் ஏதோ சான்றிதழைப் பிரதி எடுக்க வந்து நின்றார்.

"ஒரு காப்பி போதும்மா, சீக்கிரம்" என்றார்.

"இருங்க, மொதல்ல இதப் பாருங்க" என்றாள் அம்மா. "மார்க்க விடுங்க, ஓரத்துல பாருங்க. நாலு மட்டும் ஆகாதாம். வேற எந்த நம்பரப் போட்டாலும் சரியா வருமாம். எம்பொண்ணு எழுதினது."

"நாலு ஏன் ஆகாது?" என்று கேட்டார் அவர்.

அம்மாவுக்குத் தெரியவில்லை. என் பக்கம் திரும்பினாள், பதின்மூன்று நாட்களுக்குப் பிறகு முகத்துக்கு நேராகப் பார்த்தாள். "அவளே சொல்லுவா, கேளுங்க."

ஒரு தாளை எடுத்துக்கொண்டு போய், அவருக்குப் புரியும்வரை சொன்னேன். அம்மாவும் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.