ஆரஞ்சுப் பிடிக் கத்தியும் என் முதல் எல்க் மானும்

வெண்டெல்,

மான் விழுந்துவிட்டது! என் முதல் எல்க், நல்ல கொழுத்த பெட்டை. ஓடைக்கு மேலே, பட்டுப்போன பைன் மரங்களுக்கு நடுவில் கிடக்கிறது. இறைச்சியைச் சுமக்கப் பக்கத்து வீட்டு லோர்னாவின் குதிரைகளைக் கேட்டு வாங்கத்தான் இறங்கி வந்தேன்.

பிளேடு மாற்றும் இந்தக் கத்தியை நான் எடுத்தபோது, "மானுக்கு ஷேவிங் பண்ணிவிடப் போறியா?" என்று கடைக்காரர் முன்னாலேயே சிரித்தாய். நேற்றும் அதே பேச்சு. "அதை நம்புறதுன்னா வேட்டைக்குத் தனியாவே போய்க்கோ" என்றாய். போனேன்.

உன் கத்தி நல்லதுதான். ஆனால் பாதி வேலையில் மழுங்கினால், முறிந்து கூடிய இந்த மணிக்கட்டால் எனக்குத் தீட்ட வராது. இதில் மழுங்கியதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன், அவ்வளவுதான். வயிற்றைக் கிழித்துக் குடலை எடுக்கும்வரை எங்கேயும் சிக்கவில்லை. பிடி ஆரஞ்சு நிறம் என்பதால் புல்லில் வைத்தாலும் தொலையவில்லை.

தொடை மூட்டில் திருகியபோது மட்டும் ஒரு பிளேடு முறிந்தது. மூட்டுக்கு இது தாங்காது என்று நீ சொன்னதுதான் சரி. துண்டைத் தேடி எடுத்துவிட்டேன், இறைச்சியில் இல்லை.

பீன்ஸ் சூப் அடுப்பில் இருக்கிறது. சீக்கிரம் குடித்துவிட்டு மேலே வா, கரடி மோப்பம் பிடித்துவிடும். மூட்டுப் பிரிக்க உன் கத்தியைக் கொண்டு வா.

மார்லிஸ்

கோபம் மிச்சமிருந்தால் அதையும் கொண்டு வா, பரவாயில்லை. மான் விழுந்ததும் "வெண்டெல், பாத்தியா!" என்று கத்திவிட்டேன். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் யாரும் இல்லை.