ஆளில்லாத சர்ச்சில் உன் குரல்

என் வம்புக்கார அக்காவுக்கு,

நீ போன பிறகு என்னைத் திட்ட ஆளில்லை. ஷூ கம்பெனியிலிருந்து வந்து நானே டீ போட்டுக்கொள்கிறேன். "சக்கரை ஜாஸ்திடா" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? சர்ச்சுக்குப் போவதையும் விட்டுவிட்டேன். "தனியா எப்படிப்பா இருக்க?" என்று எல்லாரும் கேட்பார்கள். அதற்கு நான் என்ன சொல்வது, நீயே சொல்.

ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து, நம் சின்ன அறையில் நீ பாடிய பாட்டு கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது. எதிரொலி வரக் கூடாதென்று, கம்பெனியில் கழித்துப் போட்ட தோல்களைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டிருந்தேன், ஞாபகமிருக்கிறதா? பதிந்ததைக் கேட்டுவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாய்.

"இன்னாடா இது, குரல்லகூட தோல் நாத்தம் அடிக்குது! நம்ம சர்ச்சுல பாடுற மாதிரி வேணும் எனக்கு."

"செய்றேன்க்கா" என்றேன். அதற்குள் நீ படுத்த படுக்கையாகிவிட்டாய்.

இப்போது அதற்கென்றே ஒரு மென்பொருள் வந்திருக்கிறது. வெளிநாட்டுக் கச்சேரி மண்டபங்களெல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் உன்னைப் பாடவிட்டுப் பார்த்தேன். குரல் கம்பீரமாகத்தான் கேட்டது. ஆனால் யார் வீட்டுக்கோ வந்த விருந்தாளி மாதிரி இருந்தாய். நம் சர்ச்சே வேண்டுமென்றால் அங்கே ஒரு பலூனை உடைத்து, சத்தம் அடங்கும்வரை பதிந்து கொடுக்க வேண்டும். உன் குரலை அங்கே பாடியது போலவே அது மாற்றிவிடும்.

யார் கண்ணிலும் படக் கூடாதென்று வேலைநாள் மதியம் சாவி வாங்கிப் போய், காலி சர்ச்சில் பலூனை உடைத்துவிட்டு வந்தேன். வீட்டில் போட்டுக் கேட்டேன். சர்ச் நம்முடையதுதான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் சுவர் சுவராய் முட்டி அலைந்தது. ஆட்கள் இருந்தால் அவர்கள் உடம்பும் துணியும் எதிரொலியைக் குடித்துவிடும். தோலைத் தொங்கவிட்டவனுக்கு இது தோன்றவில்லை பார். நிறைந்த சர்ச்சில் பாடிய உன்னை, ஆளே இல்லாத சர்ச்சில் நிறுத்திவிட்டேன். அழுதுவிட்டேன் அக்கா. நான் ஒருவன் தனியாக இருப்பது போதாதா?

நேற்று பாஸ்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"ஆராதனை முடிஞ்சதும் எல்லாரையும் சத்தம் போடாம உக்கார வைக்கிறேன். பலூனை நானே உடைக்கிறேன். நீ வர்றியா? அத சொல்லு மொதல்ல."

"நான் வெளிய நின்னு மிஷினைப் பாத்துக்கிறேன் பாஸ்டர்."

"மிஷின் தானா ஓடும்ல? உள்ள வந்து உக்காரு. உன் உடம்பு மட்டும் கணக்குல வராதா?"

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன் அக்கா. எப்படி இருக்கிறாய் என்று கேட்கட்டும். கஷ்டமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நம் பெஞ்சிலேயே உட்காருகிறேன். பலூன் வெடிக்கும்போது நானும் அங்கே இருப்பேன். இனி நீ எப்போது பாடினாலும், எதிரே உட்கார்ந்து கேட்பவர்களில் நானும் ஒருவன்.

உன் தம்பி,
சாமு
ஆம்பூர்