விடிகாலை முதல் நடை யாருக்கு?

அனுப்புநர்:
யாங்ஜி ஷெர்பா,
(காலஞ்சென்ற சுல்திம் ஷெர்பாவின் மனைவி)
போர்ட்சே கிராமம், கும்பு.

பெறுநர்:
விசாரணை அலுவலர் அவர்கள்,
மலைமீட்புப் பறப்புப் பிரிவு, காத்மாண்டு.

பொருள்: என் கணவர் ஹெலிகாப்டரில் ஏற மறுத்தார் என்ற வரியை நீக்கவும், முதல் நடை குறித்து உத்தரவிடவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு மலையேற்றக் குழுவோடு வேலைக்குப் போன என் கணவர் இரண்டாம் முகாமில் இறந்தது பற்றிய தங்கள் அறிக்கை கிடைத்தது. "சுல்திம் மீட்பை மறுத்தார்" என்கிறது. அந்த வரியை வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியவில்லை.

2. அன்று அடிவார முகாமில் நான் சமையல் வேலையில் இருந்தேன். மேலே என் கணவருக்கு நுரையீரலில் நீர் கோத்திருந்தது. மலையேற வந்த வெளிநாட்டு விருந்தினர் ஒருவருக்கு விரல்கள் உறைந்திருந்தன. அவ்வளவு உயரத்தில் ஹெலிகாப்டர் ஒருவரைத்தான் தூக்கும். அதற்கே விமானி இருக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டு, துணை ஆள் இல்லாமல் போக வேண்டும்.

3. காத்மாண்டிலிருந்து வந்திருந்த முகாம் பொறுப்பாளர் ரேடியோவில், "அண்ணே, இந்த நடையில நீங்க வர்றீங்களா, அவரு வரட்டுமா?" என்றார். இருமலுக்கு நடுவே என் கணவர், "எனக்கென்ன, அவரை ஏத்தி விடுங்க. நான் அப்புறமா வர்றேன்" என்றார். அதோடு ரேடியோவை வைத்துவிட்டார்கள்.

4. ஐயா, எங்கள் வீடுகளில் தேநீரைக்கூட முதல் தடவையே வாங்கிக்கொள்வது மரியாதை இல்லை. மூன்று தடவை வற்புறுத்தினால்தான் கை நீளும். உயிரையும் அவரிடம் ஒரே தடவைதான் நீட்டினார்கள்.

5. அடுத்த நடைக்குள் வெயில் ஏறிவிட்டது. சூடான காற்று இன்னும் மெலிந்துவிடும். இரண்டு முறை முயன்று திரும்பிய விமானி, "இறக்கை சுத்துது அக்கா, பிடிச்சு ஏறத்தான் காத்தில்ல" என்று அழுதார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. மறுநாள் விடியற்குளிரில் அதே ஹெலிகாப்டர் சிரமமில்லாமல் ஏறி, என் கணவரின் உடலைக் கொண்டுவந்தது.

ஆகவே அந்த வரியை நீக்கித் தர வேண்டுகிறேன். விடிகாலை முதல் நடை, விருந்தாளியோ வேலையாளோ, உயிர் ஊசலாடுபவருக்கே என்று உத்தரவிடுங்கள். நோயாளியிடம் சம்மதம் கேட்க வேண்டாம், தூக்கி ஏற்றச் சொல்லுங்கள்.

தாமதிக்க வேண்டாம் ஐயா. என் கணவரின் தம்பி கெல்பு இப்போது அதே முகாமில் இருக்கிறார். அவரையும் என் மாமியார் நன்றாகத்தான் வளர்த்திருக்கிறார்.

இடம்: போர்ட்சே
நாள்: வைசாக் 12

இப்படிக்கு,
பணிவுடன்,
யாங்ஜி ஷெர்பா
(கையொப்பம்)