நீ கழட்டிய தமிழ் கார்டு

ஆசை மச்சான் குமரவேலுக்கு,

உன் காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்கல்லாம் கிளம்பிட்டாங்க. இனிமே உன்னைத் திட்டலாம்.

கள்ளக்குறிச்சியில நாம ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருந்த காலத்துல, பொட்டிக்குள்ள தனியா ஒரு கார்டைச் சொருகினாத்தான் திரையில தமிழ் வரும். அந்தக் கார்டை நம்பி கரும்பு ஆலைக்கு ஒரு புரோகிராம் எழுதினோம். யாரு என்னைக்குக் கரும்பு வெட்டணும்னு தமிழ்லயே சீட்டு அடிச்சுத் தரும். கரும்பு போடற உங்கப்பா மாதிரி ஆளுங்க தாங்களாவே படிச்சுக்கணும்னு நீதானேடா ஆரம்பிச்ச?

அப்ப இடஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தாங்க. மெட்ராஸ்ல கார்டை வாங்கிக்கினு வந்த நீ, பஸ்ஸு திருக்கோவிலூரோட நின்னுபோக, மீதி தூரத்தை நடந்தும் கண்டவங்க சைக்கிள்ல தொத்திக்கினும் வந்த. சட்டைக்குள்ள இருந்து அதை எடுத்தப்ப உன்னைக் கட்டிப் புடிச்சுக்கினு அழுதேன்.

ஆலைக்காரங்க பார்க்க வந்த அன்னிக்கு, திரை முழுக்கக் கோடும் கட்டமுமா கண்ணாபின்னான்னு வந்துது. மூடியைத் தொறந்தா கார்டு இல்ல. முந்தின நாளே நீ உருவிட்ட. எனக்குத் தெரியாம இங்கிலீஷ்ல எழுதி வெச்சிருந்த இன்னொரு புரோகிராமைப் போட்டுக் காட்டின. அதையே எடுத்துக்கினாங்க. அடுத்த மாசம் நீ மெட்ராஸ்ல வேலைக்குப் போயிட்ட.

"எல்லாப் பொட்டியிலயும் எது இருக்குதோ அதை நம்பித்தான் எழுதணும் மச்சான். ஆலையில ஒரு பொட்டியிலகூட கார்டு இல்ல"ன்னு சொன்ன. அது சரிதான். அதை முந்தின நாள் என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்றதுக்கு இன்னாடா?

கரும்பு வெட்டுற முறை வந்ததும் உங்கப்பா மணலூர்பேட்டையிலேருந்து அந்த இங்கிலீஷ் சீட்டோட எங்கிட்டதான் வந்தாரு. எம்புள்ள போட்டதாமே, இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சுச் சொல்லுப்பான்னாரு. ஆத்திரத்தை அடக்கிக்கினு படிச்சுக் காட்டினேன். வருஷா வருஷம் படிச்சேன். நீ கார்டைக் கொண்டாந்த கதையை மட்டும் சொல்லுவேன், கழட்டின கதையை முழுங்கிடுவேன்.

இப்ப தமிழுக்குத் தனி கார்டெல்லாம் வேணாம். உங்கப்பா பையில கெடக்கிற போன்லயே இருக்குது. நேத்து அதுலதான் கரும்பு வெட்டச் சொல்லி ஆலைச் சேதி வந்துது, இன்னும் இங்கிலீஷ்ல. உன் சாக்கு செத்து எத்தனையோ வருஷமாச்சு, நீ போட்ட வழக்கம் மட்டும் ஏன்டா சாகல?

அந்தச் சேதியை நான் படிச்சு முடிச்சதும் உங்கப்பா என் கையைப் புடிச்சாரு.

"அதை அவன் கழட்டினது எனக்குத் தெரியும்ப்பா. அவனே சொல்லி அழுதான். நீயா எப்பனாச்சும் சொல்லுவேன்னுதான் சீட்டை எடுத்தாந்துகினே இருந்தேன்."

அவருகிட்ட அழத் தெரிஞ்ச உனக்கு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலியா?

சேதி தமிழ்ல வர்ற வரைக்கும் ஆலை வாசலை நான் விடமாட்டேன். மொதல் சேதியை உங்கப்பா தானாவே படிப்பாரு. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கினு இருப்பேன்.

உங்கப்பாவுக்கு இப்ப மிச்சமிருக்கிற மவன்,
உன் மச்சான் ராஜாங்கம்